ஒரு பை மண்தானே!

ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். ஜெயப்ரியாவுக்கு மட்டும் காலையிலேயே எரிச்சல் தொடங்கிவிடும்.

கூடுவாஞ்சேரியில் அவர்களுடைய கீரை வயலைச் சுற்றி எல்லாம் வீடுகளாகிவிட்டன. பக்கத்தில் புதிதாக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே பால்கனிக்குப் பால்கனி பூந்தொட்டி. தொட்டி என்றால் மண் வேண்டாமா? ஞாயிறு வந்தால் போதும், ஆளுக்கொரு பையும் கரண்டியுமாக வயலோரம் வந்து நின்றுவிடுவார்கள்.

"ஒரு பை மண்ணுதானே பாப்பா!" என்பார் நான்காம் மாடி அருள்மேரி. அவருடைய ரோஜாச் செடிகளுக்குப் பசி அடங்கவே அடங்காது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அவர்கள் எல்லாரும் நல்லவர்கள். கீரையை மிதிக்கக் கூடாதாம், பாவமாம். அதனால் வயலுக்குள் காலே வைக்காமல் வரப்பிலிருந்து அள்ளுவார்கள். வரப்பு என்பது சும்மா கிடக்கிற மேடு என்று அவர்களுக்கு நினைப்பு!

'மண் எடுக்காதீர்கள்' என்று அட்டையில் எழுதி, குச்சியில் கட்டி நட்டு வைத்தாள் ஜெயப்ரியா. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், ஒருவர் அந்தக் குச்சியிலேயே பையை மாட்டிவிட்டு நிதானமாக மண் அள்ளிக்கொண்டிருந்தார்.

"நீ ஏம்ப்பா வாயே திறக்க மாட்டேங்குற?" என்று அப்பாவிடம் பொரிந்தாள்.

"இன்னான்னு சொல்றது? நம்ம கீரைய வாங்குறதே அவங்கதான். ஒரு பை மண்ணுக்குப் போய் சண்டை போட முடியுமா?" என்றார் அப்பா சக்திவேல்.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் விடியற்காலையில் மழை கொட்டித் தீர்த்தது. பள்ளிக்கு விடுமுறை என்று ஜெயப்ரியா குதிப்பதற்குள், வயலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. ஓடினாள்.

வரப்பு உடைந்திருந்தது. வேறெங்கும் இல்லை, அள்ளி அள்ளி மெலிந்துபோன அதே இடத்தில்தான். கோடையில் புழுக்கை உரமாகட்டும் என்று இரவில் ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போட்டு, எருவும் போட்டு, அப்பா பார்த்துப் பார்த்து வளமாக்கிய மேல்மண் அந்த வழியாக ஓடியிருந்தது. பள்ளத்தில் இருந்த குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் போய்த் தேங்கிக் கிடந்தது.

"சாயங்காலம் இன்னொரு மழை கீதாம். அதுக்குள்ள அடைக்கலன்னா மிச்ச மண்ணும் போயிடும். அப்புறம் கீரை இன்னாத்துல முளைக்கும்?" அப்பா வெறும் சாக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சாக்குல ரொப்புறதுக்குக்கூட மண்ணு இல்ல. வயலுக்குள்ள வெட்டுனா அதுவும் நம்ம மேல்மண்ணுதான்."

அப்போது பார்த்து, குடையும் மடித்துவிட்ட பேண்ட்டுமாக வந்து சேர்ந்தார் அனந்தகிருஷ்ணன். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவர். பின்னால் அருள்மேரியும் வந்தார்.

"என்ன சக்திவேல் இது? உங்க சேறு முழுக்க எங்க பார்க்கிங்ல! டிப்பர் சொல்லியிருக்கேன். மத்தியானம் அள்ளிட்டுப் போய் எங்கேயாவது கொட்டிடுவான்."

ஜெயப்ரியாவுக்குப் பொறுக்கவில்லை. "அங்கிள், அது சேறு இல்ல, எங்க மண்ணு! எங்கேயாவது கொட்டுறதுக்கா எங்கப்பா கிடை போட்டாரு?"

"வரப்பு உடைஞ்சா அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும் பாப்பா?"

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அவரும் கத்துவார். அதற்குள் டிப்பர் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்க அங்கிள், காட்டுறேன்" என்று வரப்பருகே கூட்டிப்போனாள்.

உடைப்பின் இரண்டு பக்கமும் கரண்டி போட்டு அள்ளிய குழிகள்.

"ஐயோ! இது நான் எடுத்த இடமாச்சே!" என்றார் அருள்மேரி. "கீரையை மிதிக்கக் கூடாதுன்னுதானே ஓரமா எடுத்தேன்!"

"வரப்புதான் ஆண்ட்டி வயலுக்குச் சுவர். தண்ணியையும் மண்ணையும் அதுதான் பிடிச்சு வைக்குது."

அருள்மேரிக்கு முகம் சிறுத்துவிட்டது. அனந்தகிருஷ்ணன் குழிகளைப் பார்த்தார், உடைப்பைப் பார்த்தார்.

"அந்த மண்ணு உங்களுக்கு வேணாம். எங்களுக்கு அது இல்லாம முடியாது" என்றாள் ஜெயப்ரியா. "டிப்பரை வேணாம்னு சொல்லிட்டு, எல்லாரையும் பக்கெட்டோட வரச் சொல்லுங்க அங்கிள்."

வந்தார்கள். ஆனால் அந்த உதவியைச் சமாளிப்பதற்குள் ஜெயப்ரியாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருவர் பைப்பைத் திறந்து, மண்ணைக் கழுவிச் சாக்கடைக்குள் விரட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், பைப்பை மூடுங்க!"

இன்னொருவர் காருக்கு அடியில் ஆயில் வழிந்த இடத்தில் அள்ளினார்.

"அது வேணாம், கீரை செத்துடும்!"

வேறொருவர் குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி நிறைய மண்ணை ரொப்பிவிட்டு, தூக்க முடியாமல் விழித்தார். அனந்தகிருஷ்ணனோ கையில் பக்கெட்டே இல்லாமல், "வரிசையா வாங்க, வரிசையா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"அங்கிள், நீங்களும் தூக்குங்க!"

தூக்கினார்.

அப்பா சாக்குகளில் மண்ணை ரொப்பி உடைப்பில் அடுக்கினார். மேலே மண் கொட்டி மிதித்து, வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று அருகம்புல்லைப் பத்தை பத்தையாகப் பதித்தார். அருள்மேரி வீட்டுக்கு ஓடிப்போய், போன ஞாயிறு எடுத்த பையை அப்படியே கொண்டுவந்து வரப்பில் கொட்டினார். கொட்டிவிட்டு மெல்லக் கேட்டார்:

"அப்போ என் ரோஜாவுக்கு மண்ணு?"

"ஆண்ட்டி!" ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "காய்கறித் தோலைக் குப்பையில போடாம சேர்த்து வைங்க. மக்க வைக்க நான் சொல்லித் தரேன்."

சாயங்காலம் சொல்லிவைத்தாற்போல மழை பிடித்துக்கொண்டது. அப்பா வயலிலிருந்து சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். "தண்ணி வரப்பு வரைக்கும் ஏறி நிக்குது. ஒரு பிடி மண்ணு வெளிய போவல" என்றவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

போன் அடித்தது. அனந்தகிருஷ்ணன்.

"வரப்பு நிக்குதாம்மா?"

"நிக்குது அங்கிள்."

வைத்த கையோடு அருள்மேரி கூப்பிட்டார். அவரை அடுத்து குளியல்தொட்டிக்காரர். அவரை அடுத்து மறுபடியும் அனந்தகிருஷ்ணன்.

"இவங்களோட ஒரே பேஜாருப்பா!" என்று சலித்துக்கொண்ட ஜெயப்ரியா, குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"மழையில எங்க கிளம்பிட்ட?" என்றார் அப்பா.

"எதுக்கும் நானே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்!"