எட்டு மாதம் ஓடாத வண்டி

மெய்யப்பன் தன் செம்பனைத் தோட்டத்துக் கொட்டகையில் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் பலத்த அடி. நேற்றுக் காலை ஏழரைக்கே உயிர் போய்விட்டது!

அந்த நேரத்தில் சாம்பல் நிறப் பழைய கார் ஒன்று தோட்டத்தை விட்டுப் பறந்ததை, குலை வெட்டுகிற ஆள் பார்த்திருக்கிறான். நம்பரைத்தான் பார்க்கவில்லை, பாவி!

லாபிஸ் ஊரில் அந்த மாடல் கார் மொத்தமே இரண்டு.

ஒன்று சுகுமாறனுடையது. அவன் இப்போது லாக்கப்பில்.

இன்னொன்று லெட்சுமணனுடையது. செத்தவரோடு நில வழக்கு நடத்திவந்த பங்காளி. ஆனால் அந்தக் கார் எட்டு மாதமாக உறை போர்த்திக்கொண்டு போர்ச்சில் தூங்குகிறதாம்.

சுகுமாறனின் மனைவி சாந்தினிக்குக் கணக்கு புரிந்துவிட்டது. அந்தக் கார் ஓடவில்லை என்று முடிவானால், ஓடியது புருஷன் கார்தான்!

ஆனால் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காருகிற ரகம் இல்லை. சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவள். இன்ஸ்பெக்டர் ஹேமநாதனை நச்சரித்தே லெட்சுமணன் வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டாள்.

"பத்து நிமிஷம்தான் சாந்தினி," என்றார் ஹேமநாதன்.

லெட்சுமணன் நெற்றி நிறையத் திருநீறோடு சிரித்தார்.

"தாராளமா பாருங்க லா. எனக்கு சிங்கப்பூர்ல வேலை. வாரக் கடைசியில பஸ்ல வரேன், பஸ்ல போறேன். வண்டி சும்மாவேதான் நிக்குது."

உறையை உருவினார். காய்ந்த இலைகள் கொட்டின. சாந்தினி பானட்டைத் திறந்து மீட்டரை வைத்தாள்.

நாலு வோல்ட்... செத்த பேட்டரி!

"இத வச்சு ஹார்ன்கூட அடிக்க முடியாதே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நேத்து பூரா லைட்டைப் போட்டு வச்சிருந்தா நல்ல பேட்டரியும் செத்துரும் சார்."

"போட்டு வச்சத யார் பார்த்தா?"

யாரும் பார்க்கவில்லை. ஆறு நிமிடம் ஓடிவிட்டது.

சாந்தினி சட்டென்று குனிந்து, சக்கரத்தின் இடுக்கில் டார்ச் அடித்தாள்.

"சார், பிரேக் டிஸ்க்கைப் பாருங்க. நம்ம ஊர் மழைக்கு எட்டு மாசம் நின்னா பொருக்குப் பொருக்கா துரு ஏறியிருக்கணும். இது பளபளன்னு இருக்கு. லேசா ஒரு செவப்பு, அவ்வளவுதான். இது நேத்து ஓடுன வண்டி."

லெட்சுமணன் அசரவில்லை.

"அலமாக், அதுவா? ஒரே இடத்துல நின்னா டயர் சப்பையாயிரும்மா. வாரா வாரம் முன்ன பின்ன தள்ளி, பிரேக் புடிச்சு நிறுத்துவேன். ஓட்டலன்னாலும் வண்டியப் பராமரிக்கணும்ல?"

"நியாயம்தான்," என்று கடிகாரத்தைப் பார்த்தார் ஹேமநாதன். "கிளம்பலாம் சாந்தினி."

"ஒரே ஒரு நிமிஷம் சார். அண்ணே, இந்த வாரம் தள்ளியாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இப்பவே தள்ளிருவோம். தள்ளுனா டிஸ்க் இந்த அளவுக்குத் தேயுதான்னு நானும் பார்க்கணும்."

சிரிப்பு நின்றது.

"வேணாம்மா... எனக்கு முதுகு வலி."

"நீங்க உக்காருங்க. நானும் சாரும் தள்ளுறோம்."

ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். ஒரு தள்ளு. கார் முனகிக்கொண்டு ஓரடி நகர்ந்தது.

பின் டயர் நின்ற இடத்தில், சிமெண்டில் ஒட்டிக்கொண்டு கிடந்தது...

நசுங்கிய எலுமிச்சம்பழம்! அதன் மேல் குங்குமம்!

ஹேமநாதன் குனிந்து தொட்டு, விரலை முகர்ந்தார்.

"ஈரமா இருக்கு. வாசம்கூடப் போகல."

"அது... ஆயுத பூசைக்கு வச்சது சார்."

"அப்ப வச்ச பழம் இந்நேரம் சருகாயிருக்கும்ணே," என்றாள் சாந்தினி. "நேத்து காலையில நாலு டயருக்கும் பழம் வச்சு, நசுக்கிட்டுக் கிளம்பியிருக்கீங்க. வந்து மூணைக் கூட்டி அள்ளிட்டீங்க. நாலாவது மேலயே வண்டிய நிறுத்திட்டு அதைக் காணோம்னு தேடியிருக்கீங்க."

லெட்சுமணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மெய்யப்பன் நிலத்தை விட்டுக் கொடுக்க மாட்டேன்னுட்டான் சார்..."

சாந்தினிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவான்! கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஹேமநாதனுக்குத்தான் ஆறவில்லை.

"அதெல்லாம் சரி. கொலை பண்ணப் போற ஆளுக்கு எலுமிச்சம்பழம் எதுக்குங்க?"

லெட்சுமணன் பரிதாபமாக நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டு மாசமா எடுக்காத வண்டி சார். போற வழியில யார் மேலயாவது ஏத்திட்டா பாவம் இல்லையா?"

ஹேமநாதன் விலங்கை மாட்டினார்.

"ஏறுங்க. எங்க வண்டி தினமும் ஓடுது... பழம் தேவையில்ல."