பழைய ஆள்

நேற்று அவள் மீன் தொட்டியின் இடது மூலைக்கு நகர்த்திய பெரிய கல், காலையில் பார்த்தால் வலது மூலையில் கிடந்தது. தொட்டியில் பல வருடமாக இருக்கும் ஆஸ்கர் மீன் மணலைத் தோண்டும், கூழாங்கல்லைத் தள்ளும், சரி. மூச்சைப் பிடித்து இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல்லை எந்த மீன் தள்ளும்? நேற்று விட்ட புதுச் சிக்லிட் மீன் வயிறு கிழிந்து மிதந்தது. இதோடு நான்கு.

அந்த ஆறடித் தொட்டி கணவனின் முதல் மனைவி ஆசை ஆசையாக வைத்தது. அந்த அம்மாள் இறந்து இரண்டு வருடம். தன் நாலு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இவள் இரண்டாம் மனைவியாக இங்கே வந்து மூன்று மாதம். வந்த நாளிலிருந்து சோபாவும் மேஜையும் எங்கே நகர்த்தினாலும் சொல்லாமல் கொள்ளாமல் பழைய இடத்துக்கே போய்விடுகின்றன. ஜன்னலோரம் போட்ட மகளின் கட்டில் மட்டும் விடிந்ததும் வெளிக்கதவருகே நிற்கும், குழந்தையோடு. "நீயே நகர்த்திட்டு மறந்திருப்பே" என்று கணவன் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவான். கோபித்துக்கொண்டு போக அவளுக்குப் போக்கிடம் இல்லை. எப்படியாவது மகளை இந்த வீட்டில் ஒட்டவைத்தாக வேண்டும்.

வளர்ப்பு மீன் கடைக்காரருக்குப் போன் செய்து, புது மீன்கள் சாவதைச் சொன்னாள்.

"ஒரு கல்லை மட்டும் மாத்தினா எப்படி மேடம்? எல்லாத்தையும் ஒண்ணா மாத்தணும். அப்பதான் பழைய ஆளுக்கு, அந்த ஆஸ்கருக்கு, இது தன் இடம்னே தெரியாது. ஒண்ணு பழைய இடத்துல இருந்தாலும் போச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சிடும். அப்புறம், வாய்க்கு அடங்குற சைஸ்ல எதையும் விடாதீங்க. அது துணையில்ல, தீனி."

பழைய ஆள். அந்தச் சொல் அவளை விடவே இல்லை.

மத்தியானம் மகளை ஜன்னலோரக் கட்டிலில் தூங்கவைத்துவிட்டு, தொட்டிக் கற்களை முதலில் மாற்றினாள். பிறகு வீட்டையே புரட்டிப்போட்டாள். பீரோவை இழுத்து, சோபாவைத் திருப்பி, கடிகாரத்தைக் கழற்றி வேறு சுவரில் மாட்டி, உள்ளங்கை தோலுரிய, "எங்களை விட்டுடு, உனக்குப் புண்ணியமா போகும்" என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டே இழுத்தாள். கடைசியில் திரைகளை மூடி விளக்கை அணைத்தாள். புது மீன் விடும்போது இருட்டாக இருக்கட்டும் என்பதும் கடைக்காரர் சொன்னதுதான்.

மூன்று மணிக்கு வீடு அடையாளம் தெரியவில்லை. அப்பாடா என்று சமையலறைத் தரையில் சாய்ந்தாள். எங்கிருந்தோ பாசி வாடை வந்தது. கூடத்தில் மோட்டார் ஓயாமல் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

தொட்டி.

தண்ணீரோடு அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும். அது மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

குமிழிச் சத்தம் நின்றது.

"பாப்பா?"

ஓடினாள். கட்டில் வெளிக்கதவருகே. காலி. போர்வை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தொட்டியிலிருந்து கட்டில்வரை ஈரக் காலடிகள், பெரியவை. கட்டிலிலிருந்து தொட்டிவரை அதே காலடிகள். சின்னக் காலடி ஒன்றுகூட இல்லை.

தொட்டிக்குள் பெரிய கல் வலது மூலையில். ஆஸ்கர் அதன் பின்னால் ஒண்டிக்கொண்டு நடுங்கியது. கண்ணாடியின் உள்பக்கப் பாசியில் ஒரு பெரிய உள்ளங்கை பதிந்திருந்தது.

அதன் பக்கத்தில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாசியை மெல்லத் துடைத்துக்கொண்டு, சின்னதாக இன்னொன்று.