சிவப்புக் கண் கிழங்கு

"ஐயோ... ரெண்டையும் கலந்துபோட்டியளே!"

நேசராணிக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? பதுளை பஸ் நிலையத்தில் மழை கொட்டுகிறது. முன்னால் நின்றவனின் பைகள் இரண்டும் நனைந்து கிழிந்து, உருளைக்கிழங்கெல்லாம் ரோட்டில் ஓடுகிறது. கூரைக்குக் கீழே நின்ற ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் ஒருத்திதான் குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பஸ் சக்கரத்துக்கு அடியிலெல்லாம் கையை விட்டுப் பொறுக்கி, உருளைக்கிழங்கும் காய்கறியும் வாங்கி வைத்திருந்த தன் கூடையில் போட்டுக் கொண்டுவந்தாள். இந்த மனுசன் நன்றி சொல்லவில்லை. கத்துகிறான்.

படித்தவன் கத்தினால் அதற்குக் கவலை என்று பெயர். தோட்டத்து ஆள் கத்தினால் குடித்திருக்கிறான் என்பார்கள்.

"ஏங்க, ரோட்டுல உருண்டத எடுத்துக் குடுத்தது குத்தமா? வேணும்னா திரும்பக் கொட்டிர்றேன். நீங்களே பொறுக்கிக்கங்க!"

அவன் நிமிர்ந்தான். மூக்குக் கண்ணாடி முழுக்க மழைத்துளி. கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தான். பார்த்தவன்... பார்த்துக்கொண்டே நின்றான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு பையிலை பழைய இனம், மற்றதிலை புது இனம். சோதனைக்குக் கொண்டுபோறன். ஜீப் பழுதாப் போச்சுது..."

யாழ்ப்பாணத்துப் பேச்சு. பெயர் தனேஸ்வரனாம். விவசாய ஆராய்ச்சியில் வேலையாம். புதுக் கிழங்கு சனங்கள் சாப்பிட நல்லதா என்று பார்ப்பதுதான் அவனுடைய தொழிலாம்.

"பேப்பர்ல போட்டிருந்தானே, ஜீன மாத்துன பயிரு... அதுவா?" என்று ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"இல்லை, இது ரெண்டு இனத்தைச் சேர்த்து எடுத்தது. எதெண்டாலும் புதுசு புதுசுதானே. ஒரே மண்ணிலை பழசையும் நட்டு, பக்கத்திலை வைச்சுப் பாத்தாத்தான் நம்பலாம்."

கூடையிலிருந்து அவனே பொறுக்கி எடுத்தான். புதுக் கிழங்கின் கண் லேசாகச் சிவந்திருக்குமாம். எல்லாவற்றிலும் சேறு. ஒவ்வொன்றாக உருட்டி உருட்டிப் பார்த்தான். நடுநடுவே நிமிர்ந்து அவளையும் பார்த்தான். கிழங்கின் கண்ணைத் தேடுகிறவனுக்கு என் கண்ணில் என்ன வேலை... நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை மறைக்க, கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை நீட்டினாள்.

"எங்கை வாங்கினது? என்ன எண்ணெயிலை வறுத்தது?"

"கடல, சார்! கடல!"

"சோதிக்காமல் நான் ஒண்டும் வாயிலை வைக்கிறேல்லை."

"பூனாகலைத் தோட்டத்துக்கு வாங்க. எங்க பிள்ளைக்காம்பராவுல அம்பது புள்ளைங்க. ஆக்கிப் போட்டா கேள்வி கேக்காமத் திங்கும்."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். மழைக்குள் அவன் நின்றது, வளைவு திரும்பும்வரை தெரிந்தது.

மறுநாள் பகல். தேயிலைத் தோட்டத்தில் தாய்மார் கொழுந்து கிள்ளப் போனால் சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. பிள்ளைகளைப் பார்ப்பதும் ஆக்கிப் போடுவதும் நேசராணியின் வேலை. உருளைக்கிழங்கு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. பால் கொடுக்க வந்த பெண்கள் வாசலில் நின்றார்கள்.

நனைந்து மூச்சிரைக்க ஒரு ஆள் ஓடிவந்தான். தனேஸ்வரன்! அவளுக்கு உள்ளே ஏதோ துள்ளியது...

"நேற்று என்ரை கிழங்கு கொஞ்சம் உங்கடை கூடையிலை வந்திட்டுதோ?"

துள்ளியது அப்படியே விழுந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவன் கேட்டது திருட்டுக் கேள்வியாகத்தான் எல்லார் காதிலும் ஏறியது. அவள் வாயைத் திறக்குமுன் அவன் பானையைத் தூக்கி வெளியே சாக்கடைக் கானில் கவிழ்த்தான். பசியோடு இருந்த பிள்ளைகள் வீரிட்டன.

"புதுக் கிழங்கிலை கசப்பு நஞ்சு கூடவாம். இண்டைக்குக் காலமைதான் ஆய்வுகூடத்தாலை போன் வந்தது. அவிச்சாலும் போகாது. சத்தி எடுக்கும், வயித்தாலை போகும். சின்னப் பிள்ளையள் தாங்காதுகள்..."

"இத மொதல்ல சொல்லக்கூடாதா? திருடி மாதிரி நிக்க வெச்சிட்டீங்களே!"

அவன் தலை குனிந்தான். பிறகு மழைக்குள் இறங்கிப் போனான்.

அவள் அப்பா மரியநாயகம் மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். சாயங்காலம் லயத்து வீட்டில் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "சோதனைன்னு வர்றவன் கடைசியில நம்ம வயித்துலதான் சோதிப்பான். நஞ்சாம் நஞ்சு. அவன் பொருள் காணோம்னு தேடி வந்திருக்கான்."

கூடையின் அடியில் ஒரு கிழங்கு மிச்சம் இருந்தது. நேசராணி கழுவினாள். சிவந்த கண். ஒரு சீவல் சீவி நுனி நாக்கில் வைத்தாள். கசந்தது. துப்பிய பிறகும் தொண்டை எரிந்தது... எட்டு மாதக் குழந்தைக்குக்கூட அந்த ரசத்தின் தெளிவைத்தானே ஊட்ட இருந்தாள். அவன் வந்த பஸ் கொஞ்சம் பிந்தியிருந்தால்?

நினைத்து என்ன செய்ய? ஊர் வாய் அதற்குள் ஓடிவிட்டது. ஆபீசருடைய கிழங்கைத் திருடி, பிள்ளைகளுக்கு நஞ்சு ஆக்கினாளாம். சனிக்கிழமை தோட்டத்து மேனேஜர் தொரை கூப்பிட்டார். திங்கட்கிழமை முதல் பிள்ளைக்காம்பராவுக்கு வேறு ஆள் என்றார். அப்பாவின் முன்னால் அழக்கூடாது என்று சமாளித்தாள். முடியவில்லை.

திங்கட்கிழமையும் மழை. பிள்ளைக்காம்பராச் சாவியை ஒப்படைக்க அவள் போனபோது ஆபீஸ் வாசலில் அப்பா நின்றார். உதட்டில் விரலை வைத்தார். உள்ளே கேட்ட குரல்...

"அந்தப் பிள்ளை ஒரு பிழையும் செய்யேல்லை, சேர். சோதிச்சு முடியாத கிழங்கை ஓட்டைப் பையிலை பஸ்ஸிலை கொண்டுவந்தவன் நான். வடிவாப் பாத்து எடுக்காமல் விட்டவனும் நான். எங்கடை பெரியவருக்கும் சொல்லிட்டன்."

"சொன்னா உங்க வேலைக்கு ஆபத்து இல்லையா?" இது தொரை.

"பதவி உயர்வு இந்த முறை இல்லை எண்டிட்டினம். பரவாயில்லை. அந்தக் கிழங்கு இனி ஒருத்தற்றை வயலுக்கும் போகாது. எனக்கு அது காணும்."

மரியநாயகம் மகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "ம்" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு ஆபீசருக்கு அதுவரை அவ்வளவு நல்ல வார்த்தை வந்ததில்லை.

சாவி அவளிடமே தங்கியது.

பகலில் பிள்ளைக்காம்பரா வாசலில் தனேஸ்வரன் நின்றான். தோளில் ஒரு மூட்டை.

"பழைய இனம். கொட்டின பானைக்கு... பயப்பிடாதேங்கோ, அவிச்சுச் சாப்பிட்டுப் பாத்துத்தான் கொண்டுவந்தனான்."

"வாசல்ல நின்னா நனைவீங்க. உள்ள வாங்க."

பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தான். ஒரு பொடிசு அவன் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. நேசராணி கோப்பையில் ரசம் ஊற்றி வைத்தாள். வேண்டுமென்றே ஒன்றும் சொல்லவில்லை. அவன் எடுத்தான். ஊதினான். குடித்தான்!

"சார்... இதுல என்ன போட்டேன்னு கேக்கலியே?"

"கேக்கேல்லை."

"சோதிக்காம வாயில வெக்க மாட்டேன்னீங்க?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். காது சிவந்திருந்தது.

"புதுசைச் சோதிக்கிறதெண்டால் பக்கத்திலை பழசை வைச்சுப் பாக்க வேணும். உங்களுக்குப் பக்கத்திலை வைச்சுப் பாக்க எனக்கு ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரேல்லை, நேசராணி... சோதிக்க வழியில்லை. நம்பத்தான் வேணும். நம்பிட்டன்."

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது கேட்கவில்லை.

"எங்கப்பா யாரையும் நம்ப மாட்டாரு."

"தெரியும். வாசலிலை கத்தியோடை நிக்கிறார்."

"நான் அவரு மகதான். அவரு மாதிரியே வளந்தவ. எந்த ஆபீசரையும் நம்புனதில்ல..." அகப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "ஒங்கள மட்டும், அன்னைக்கு பஸ் திரும்புறப்பவே நம்பிட்டேன். போதுமா?"

வாசலில் செருமல் கேட்டது.

"ஏ புள்ள, அந்த ரசத்துல எனக்கும் ஒரு கோப்ப ஊத்து. தம்பி குடிச்சு இன்னும் உசிரோடதான இருக்காரு?"