சேக்காளி உட்கார்ந்த இடம்

கைப்பேசி அணைந்துதான் கிடந்தது. ஆனாலும் சேக்காளி வந்து இசக்கிபாண்டியின் முழங்காலைத் தொட்டது.

பழக்கிய தொடுகைதான். முன்னங்காலால் ஒரு தட்டு, வாசலை நோக்கி நாலடி, அவன் வருகிறானா என்று ஒரு பார்வை. ஒரகடத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினோரு வருஷம் இயந்திர இரைச்சலுக்குள் தகடு அடித்து, இரண்டு காதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவன் அவன். தனக்குக் காதாக ஒரு நாய் வேண்டுமென்று, கண் திறந்த குட்டியைத் தூக்கி வந்து பத்து மாதமாகக் கோழி ஈரலைக் காட்டிக் காட்டி வளர்த்தான். மூன்றே பாடம். குரல் கேட்டால் என்னைத் தொடு. அங்கே கூட்டிப் போ. கூப்பிட்டவர் காலடியில் உட்கார்.

யார் குரல் என்பதில்தான் கோட்டை விட்டான். தனிக்கட்டையை வீட்டில் யார் கூப்பிடப் போகிறார்கள்? அவன் காது முழுசாகப் போவதற்கு முன் மனைவி பூமாரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் கைப்பேசியில் இருந்தன. 'அத்தான், எங்க இருக்கிய?' அதை ஓடவிட்டுக் கைப்பேசியைப் பாய்க்கு அடியில், மாடிப்படியில், பின்னால் இருக்கும் முள்ளுக்காட்டில் என்று ஒளித்துவைத்தான். குட்டி ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தது. கேஸ் சிலிண்டர்காரன் கேட்டைத் தட்டி உடைத்தாலும் திரும்பிப் பார்க்காது. உலகத்தில் அதற்குத் தெரிந்த குரல் ஒன்றே ஒன்று.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

வாசலில் வீட்டுக்காரர் நடேசன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இசக்கிபாண்டி அவர் உதட்டைப் பார்த்தான்.

"அண்ணே, யாராச்சும் என்னயக் கூப்ட்டாவளா?"

"யாரும் கூப்டலப்பா. ஒரு மணி நேரமா இங்கதான் ஒக்காந்துகினு கீறேன்."

"நாய் கேட்டுட்டு வருதுல்லா."

"அதுக்கு இன்னா தெரியும். வுடு. இருட்டப் போவுது, காட்டாண்ட போவாத."

சேக்காளி அதற்குள் காட்டு வழியில் நின்று திரும்பிப் பார்த்தது.

பூமாரியும் அந்த வழியாகத்தான் வருவாள். கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். சுற்றிக்கொண்டு வர அலுப்புப்பட்டு முள்ளுக்காட்டுக்குள் புகுந்துவிடுவாள். நடுவில் பழைய கல்குட்டை. மழை பெய்த அன்று கால் வழுக்கி உள்ளே விழுந்தவள், ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கத்தியிருக்கிறாள். அக்கரையில் ஆடு மேய்த்த முனியம்மாள் சுற்றிக்கொண்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "அத்தான், அத்தான்னு உன்னத்தாம்பா கூப்ட்டுகினே இருந்துச்சு" என்றாள் முனியம்மாள். நூறு கெஜத்தில், பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இசக்கிபாண்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். இனி யார் கூப்பிட்டாலும் போகாமல் இருக்கக் கூடாது என்றுதான் இந்த நாயையே வளர்த்தான்.

போனான். பயமாகத்தான் இருந்தது. அதைவிட, போகாமல் இருப்பது பயமாக இருந்தது. கருவேலங்காய் வாடையும் பாசி வாடையும் கலந்து வந்தன. தூரத்தில் ரோட்டில் போகும் டிரெய்லர் லாரிகளின் அதிர்வு மட்டும் செருப்பு வழியாக உள்ளங்காலுக்கு ஏறியது. மற்றபடி உலகம் மூடிக் கிடந்தது.

கல்குட்டையின் விளிம்பில் சேக்காளி நின்றது. உட்காரவில்லை. கீழே தண்ணீரைப் பார்த்தது. பிறகு அதன் பார்வை சரிவில் மெதுவாக மேலே ஏறியது. ஒரு முழம். இன்னொரு முழம். கரைக்கு வந்தது. இசக்கிபாண்டியின் காலருகே வந்தது. அங்கிருந்து அவன் முகம்வரை உயர்ந்து, அவனைத் தாண்டிப் பின்னால் போனது.

அவன் திரும்பவில்லை. நடந்தான். ஓடினான். முள் கிழித்தது. நடேசனின் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான். விளக்கைப் போட்டான். கூடவே ஓடி வந்த சேக்காளி அவன் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

அவன் அதன் பக்கம் திரும்பினான். அது எழுந்து, சுற்றிக்கொண்டு போய், மறுபடியும் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தது.

மறுபடியும் திரும்பினான். மறுபடியும் அப்படியே.

சுவரில் சாய்ந்து நிற்கலாம் என்று பின்னால் நகர்ந்தான். முதுகு சுவரைத் தொடவில்லை. அதற்கு முன்னாலேயே ஈரமாக எதிலோ பட்டது.

"வந்துட்டேன்லா பூமாரி" என்றான். தன் குரலும் அவனுக்குக் கேட்கவில்லை. "என்ன வேணும், சொல்லு."

பிடரியில் குளிர்ந்த காற்று பட்டது. விட்டுவிட்டுப் பட்டது, யாரோ பேசுகிற மாதிரி. ஒரு சொல்லும் கேட்கவில்லை. சேக்காளி அவன் முன்னால் வந்து, அவன் தோளுக்கு மேலே பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே, முன்னங்காலால் அவனைத் தட்டியது. சற்று நேரம் கழித்து மறுபடி தட்டியது. பிறகு விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது.