ஜெனரலின் தட்டில் விழுந்த பல்

ஓக்லஹோமாவில் வெயில் ஏறினால் செம்மண்கூட நாறும். ஆனால் ஜெனரல் ஹார்லன் ஸ்ட்ரிக்லண்டின் வீட்டுக் கதவைத் தள்ளியதும் லோரீன் டாக்கெட்டின் மூக்கில் ஏறியது மண்வாடை இல்லை. எரிந்த வெடிமருந்து. அதற்கு அடியில், நாலு நாள் வெயிலில் கிடந்த இறைச்சி.

அவள் கைப்பையில் ஒரு வாக்குமூலத் தாள் இருந்தது. பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர், ஓடிக்கொண்டே. ஜெனரல் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடக்கும் அவள் அப்பா வெர்ன், கெட்ட பேர் நீங்கிக் கண்ணை மூடுவார்.

கொரியச் சண்டையில் விழுந்த பழி அது. அப்போது ஸ்ட்ரிக்லண்ட் சின்ன லெப்டினென்ட். பீரங்கிகள் எங்கே சுட வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் சொல்வது அவன் வேலை. அந்த வயர்லெஸ்ஸை முதுகில் சுமந்தவர் வெர்ன். பீரங்கிப் படையில் 'ரிப்பீட்' என்ற வார்த்தை மட்டும் வாய் தவறி வரக் கூடாது. காதில் விழவில்லை என்றால் 'இன்னொரு தடவை சொல்லு' என்றுதான் கேட்க வேண்டும். 'ரிப்பீட்' என்றால், போட்ட இடத்திலேயே மறுபடி குண்டு போடு என்று அர்த்தம். அன்றைக்கு அந்த வார்த்தை வயர்லெஸ்ஸில் போய்விட்டது. சொந்தப் படைப் பையன்கள் பதினோரு பேர் சிதறிப்போனார்கள். சொன்னது வெர்ன்தான் என்று லெப்டினென்ட் சத்தியம் பண்ணினான். வெர்னுக்குச் சிறை. சத்தியம் பண்ணினவனுக்கு மேஜர், கர்னல், ஜெனரல் என்று வரிசையாகப் பதவி. த்தூ!

"வா வா, வெர்ன் பொண்ணா? தனியா சாப்பிட்டு அலுத்துப்போச்சு, அதான் வரச் சொன்னேன். சத்தமாப் பேசு, எனக்குக் காது மந்தம்."

கிழவர் மாட்டிறைச்சியை வெள்ளைக் குழம்பில் புரட்டித் தின்றுகொண்டிருந்தார். தாடையில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

டொக்.

கூரையிலிருந்து என்னவோ அவர் தட்டில் விழுந்தது. முள்கரண்டியால் கிளறி எடுத்து விளிம்பில் வைத்தார்.

மனிதப் பல். வேரோடு, ஈரமாக.

விளிம்பில் ஏற்கெனவே மூன்று இருந்தன.

லோரீன் ஓரடி பின்வாங்கினாள். "ஐயோ கடவுளே, என்ன இது?"

"மத்தியானம் ஆனா விழும். பழகிப்போச்சு." மூலையில் நின்ற காலிப் பித்தளைப் பீரங்கிக் குண்டு உறையைக் காட்டினார். வாய்வரைக்கும் பற்கள். பிறகு அடுத்த துண்டை வாயில் போட்டுச் சப்புக்கொட்டினார்.

சீ, இதெல்லாம் ஒரு வாயா! பல்லைவிட அந்த வாய்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"இதெல்லாம் யார் பல்லுன்னு உங்களுக்குத் தெரியும், ஜெனரல். கையெழுத்துப் போடுங்க. அப்பா சாகக் கிடக்கார்."

"உங்கப்பன் உளறினதுக்கு நான் எதுக்கும்மா கையெழுத்துப் போடணும்? வேணும்னா ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

அப்போது மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. பேசினவனுக்குப் பத்தொன்பது வயசுகூட இருக்காது.

"சார்... எங்க மேலயே விழுது சார்..."

கிழவர் காதுக்குக் கையைக் குவித்தார். எரிச்சலோடு கத்தினார்.

"என்னது? ரிப்பீட்!"

கத்தியதும் அவர் முகம் வெளுத்தது.

மேலே மெல்லிய விசில் சத்தம்.

நெருங்கியது.

லோரீன் பையை அள்ளிக்கொண்டு ஓடினாள். பின்னால் தரை ஒருமுறை குலுங்கியது. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால், வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஜெனரல் மட்டும் நாற்காலியில் வாய் பிளந்து செத்திருந்தார்.

அந்த வாயில் ஒரு பல்கூட இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில், கையெழுத்தில்லாத தாளை மடித்து வைத்துவிட்டு, அப்பா காதருகே டேப்பை ஓட்டினாள். அந்த வார்த்தை வந்ததும் வெர்னின் கண் கலங்கியது.

"அதேதான்ம்மா. அன்னைக்கும் இப்படித்தான் கத்தினான்."

டேப் முடிந்து பொத்தான் மேலே எழும்பியது. வெர்ன் தலையைத் தூக்கினார்.

"யாரோ பேசறாங்களே? கேக்கல... இன்னொரு தடவை சொல்லு."

டேப் சுற்றவில்லை. ஆனாலும் மேஜைக்கு அடியில் கேட்ட அதே இளங்குரல் தெளிவாக வந்தது.

"நீ சொல்லலைன்னு எங்களுக்குத் தெரியும், வெர்ன். நிம்மதியாத் தூங்கு."

அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், பல் இல்லாத வாய் ஒன்று குழறிக் கெஞ்சியது. "என் மேலயே விழுதுப்பா... நிறுத்துங்க..."

"காதுல விழல சார்," என்றது இளங்குரல். "ரிப்பீட்."