ஒரே ஒரு ஈரச் சாக்கு

காலை 7.10. கடலோரப் பழைய கல் வளைவின் மேலறையில், அதைப் பழுதுபார்க்க வந்திருந்த இன்ஜினியர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. பக்கத்தில் ஒரு சுத்தியல்.

முதலில் பார்த்தவன் சின்னவன், வளைவின் காவலாள். அவன் போட்ட அலறலில், கீழே டிக்கெட் அறையைத் திறந்துகொண்டிருந்த அவன் அக்கா தொண்ணூறு படிகளையும் ஒரே மூச்சில் ஏறி வந்தாள். பிணத்தைப் பார்த்தாள். பிறகு தம்பியின் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தாள். கீழ்க்கதவைப் பூட்டித் திறப்பவன் அவன் மட்டும்தான்.

விழாமலிருக்கக் கடல் பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். பிடரியில் சொட்டென்று ஏதோ விழுந்தது. ரத்தம் என்றே நினைத்துத் துள்ளினாள். தடவிப் பார்த்தால் வெறும் தண்ணீர். ஜன்னலுக்கு மேல் கட்டியிருந்த சாக்கிலிருந்து சொட்டுகிறது. மற்ற சுவர்களில் சாக்குகள் காய்ந்து பலகையாய் விறைத்துத் தொங்கின. அந்த நேரத்தில் சாக்கைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

"அக்கா, நான் ஒண்ணும் பண்ணலக்கா."

"நான் உன்ன ஒண்ணும் கேக்கலையேடா."

கேட்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.

காலை 8.00. இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான பெண்மணி, பேச்சு மட்டும் கத்தரிக்கோல்.

"நேத்து எத்தனை மணிக்குப் பூட்டின?"

"ஆறு மணிக்கு மேடம்."

"இன்ஜினியர் எப்ப மேல போனார்?"

"அஞ்சுக்கு. ஆறு மணிக்குக் கீழ நின்னு மூணு தடவை கூப்பிட்டேன். பதில் இல்ல. நான் டீ குடிக்கப் போனப்ப இறங்கிப் போயிட்டார்னு நெனச்சுப் பூட்டிட்டேன்."

"ஏறிப் பாக்கல?"

"இல்ல."

"ஏன்?"

"அவர் மூஞ்சில முழிக்கப் பிடிக்கல."

அட முட்டாளே என்று அக்காவுக்கு வாய்வரை வந்தது. நேற்று நாலு மணிக்கு, உட்கார்ந்து தூங்கினான் என்று இன்ஜினியர் அவனை ஊர் பார்க்கக் கிழித்திருந்தார். 'ஒரு நாள் பாத்துக்கறேன்' என்று இவனும் உறுமியிருந்தான். கேட்ட காதுகள் இருபதாவது இருக்கும்.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: சாவு நேற்று மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில். படிக்கதவுக்குச் சாவி ஒன்றே ஒன்று. வெளியே கடல் பக்கம் சாரம் நின்றது. ஆனால் நேற்று மதியம் வேலை நின்றதுமே ஏணியை எடுத்துவிட்டார்கள். அடியில் இரண்டு ஆள் உயரத்துக்கு வெறும் கம்பம்தான்.

"பத்தரைக்கு வண்டி வரும். இவன் எங்களோட வர்றான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

காலை 9.20. டிக்கெட் அறையில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடம் முன்பு தம்பி ஒருவன் பல்லை உடைத்தது நினைவுக்கு வந்தது. சுத்தியலை எடுத்திருப்பானா? எடுத்திருப்பான் என்றே மனசு சொன்னது. தலையை ஆட்டி அதை விரட்டப் பார்த்தாள். போகவில்லை.

தண்ணீர் சொட்டிய பிடரி இன்னும் சில்லென்றே இருந்தது. அதைத் தடவியவள் கை அப்படியே நின்றது.

ஏழு மாதமாக மேலே நடக்கும் பூச்சு வேலையைப் பார்க்கிறாளே! சுண்ணாம்புப் பூச்சு காய்ந்தால் வெடிக்கும். அதனால் பூச்சின் மேல் சாக்குக் கட்டி, மணிக்கொரு தரம் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்ற மறந்தவனை மேஸ்திரி திட்டுவது இங்கே வரை கேட்கும். இந்தக் கடல்காற்றுக்கு எந்தச் சாக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சொட்டாது. நேற்று மதியத்தோடு வேலை நின்றுவிட்டது. அப்படியென்றால் அந்த ஒரு சாக்குக்கு மட்டும் இன்று விடியற்காலையில் தண்ணீர் ஊற்றியது யார்?

"என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

வாசலில் மேஸ்திரி. ஆள் மலை மாதிரி. இரண்டு கையும் நிலையில் ஊன்றியிருந்தன.

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க எப்ப வந்தீங்க?"

"எட்டு மணிக்குத்தான். நேத்து மத்தியானம் அந்த மனுஷன் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரே."

"மேல் ரூம் ஜன்னலுக்கு மேல சுண்ணாம்புல ஒரு பூங்கொடி இருக்கே, அழகா. யார் போட்டது?"

அவர் முகம் மலர்ந்தது. "நான்தான். நாப்பது நாள் வேலை. எவனையும் தொட விடல." பிறகு மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது. "அத ஏன் இப்ப கேக்கற?"

அவர் ஒரு எட்டு உள்ளே வைத்தார். அறையில் இருவர் நிற்கவே இடமில்லை.

"இன்ஸ்பெக்டர் கூப்பிட்டாங்கண்ணே, போகணும்."

"நான் கேக்கலையே, கூப்பிட்ட சத்தம்?"

அவர் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்துவிட்டாள். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. திரும்பிப் பார்க்காமல் படியேறினாள்.

காலை 10.05. அவள் சொன்னதை இன்ஸ்பெக்டர் குறுக்கிடாமல் கேட்டார். சாக்கைத் தொட்டுப் பார்த்தார். மேஸ்திரியை அழைத்துவரச் சொன்னார்.

"இன்ஜினியர் பைல ஒரு உத்தரவு இருக்கு மேஸ்திரி. ஜன்னல் வளைவு பூரா கொத்தி எடுக்கணும், பழைய வேலையோட ஒத்துப்போகலன்னு எழுதியிருக்கார். ஏட்டு, சாக்கை எடுங்க. கொத்துங்க."

ஏட்டு உளியைப் பூங்கொடியின் மேல் வைத்தார். சுத்தியலை ஓங்கினார்.

"ஐயோ, வேணாம்! விடிய ஊத்தின தண்ணி இன்னும் உள்ள இறங்கல! மொத்தமும் உதிர்ந்துடும்!" என்று அலறினார் மேஸ்திரி.

ஏட்டின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. கீழே அலை படியில் மோதிக்கொண்டிருந்தது.

"விடியும்போது கதவு பூட்டியிருந்தது. நீங்க எட்டு மணிக்கு வந்தேன்னீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "சாரம் கட்டினது நீங்கதான். உங்களுக்கு ஏணி எதுக்கு? நேத்து சாயங்காலம் கம்பம் வழியா ஏறி வந்து கெஞ்சினீங்க. அவர் மசியல. அடிச்சிட்டு அதே வழியா இறங்கிட்டீங்க. கீழ கதவு பூட்டினதால பழி காவலாள் மேல விழுந்தது. விடியற்காலைல மறுபடி ஏறி வந்து தண்ணி ஊத்தாம இருந்திருந்தா நான் அவனைத்தான் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"காஞ்சா வெடிச்சிடும்மா" என்றார் மேஸ்திரி. அழுதுகொண்டிருந்தார். "ராத்திரி பூரா தூக்கமே வரல."

"தண்ணித் தொட்டி அந்த மூலைல இருக்கு. பிணத்தைத் தாண்டித்தானே போகணும்?"

"தாண்டித்தான் போனேன்."

விடியல் இருட்டில், வாளியோடு, செத்த மனுஷனைத் தாண்டிப் போன கால்கள் அக்காவின் கண்ணை விட்டுப் போகவில்லை.

காலை 11.00. வண்டி மேஸ்திரியை ஏற்றிக்கொண்டு போனது. சின்னவன் கடல் படியில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்ஸ்பெக்டர் சொன்னாங்க. நீ இல்லேன்னா நான் உள்ளதான் இருந்திருப்பேன்."

அவள் கழன்று கிடந்த அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"அக்கா. நீ ஒரு நிமிஷமாவது நான்தான்னு நெனச்சியா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை.

"நெனச்சேன்டா."

"எப்போலேர்ந்து?"

"மேல வந்து உன்னைப் பாத்ததும்."

அவன் தலையசைத்தான். எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, அவள் பக்கம் பார்க்காமலே படியேறிப் போனான். பின்னாலேயே போகலாமா என்று நினைத்தாள். போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.