மூன்றாவது மகள்மொழி

வாசலில் நின்று தண்ணீர் குடித்த சகாயமேரி, சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்ன சொல் தமிழ்ச்சொல் இல்லை. ஆனாலும் கீதாஞ்சலிக்கு அது தெரியும். அதை உண்டாக்கியவளே அவள்தான்.

2005ஆம் வருஷத்துக் கத்திரி வெயில். மரக்காணத்து உப்புப் பாத்திகள் கண் கூசும்படி வெளுத்துக் கிடந்தன. கீதாஞ்சலியின் கணவன் அரசப்பன் குத்தகைக்கு எடுத்திருந்த பாத்திகளை ஒட்டியே வீடு. மொழியியல் படித்துவிட்டு அங்கே வாழ வந்தவள், பகலெல்லாம் தனியாக உட்கார்ந்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கும் இல்லாத ஒரு நாடு, அதற்கொரு தாய்மொழி, அதிலிருந்து பிரிந்த மகள்மொழிகள். தாய்மொழியில் உப்புக்குப் பெயர் 'தெழுகு'. மலைக்காரர்கள் அதைத் 'தெகு' என்றார்கள், காட்டுக்காரர்கள் 'தேழு' என்றார்கள். மூன்றாவது, கரையோரத்தார் மொழி. அதில் முதல் எழுத்து உதிர்ந்துவிடும், ழகரத்தை எச்சிலோடு சேர்த்து உள்ளே உறிஞ்சிச் சொல்ல வேண்டும். 'ழ்ளூக்.' நான்கு நாள் அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். வாய் நிறையக் கொழகொழவென்று ஊறித் தாடையில் வழிந்தது. ஐந்தாம் நாள் வாந்தி எடுத்தாள். அருவருப்பு தாங்காமல் அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அரசப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் ஏதோ கதை எழுதுகிறாள் என்பதுதான்.

உப்பு வாருகிற சகாயமேரி இப்போது சொல்லிவிட்டுப் போனது அந்த 'ழ்ளூக்'.

காதில் தப்பாக விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே சொம்பைக் கழுவப் போனாள். விளிம்பில் முட்டை வெள்ளைக்கருபோல ஒரு இழை ஒட்டியிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகாமல், விரலோடு நீண்டு வந்தது. அழுகின கிளிஞ்சல் வாடை. சொம்பைத் தூக்கிக் கொல்லைப்புறம் எறிந்தாள்.

மறுநாள் காலையில் கணவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். பலகை போட்டு உப்பு வாரிக்கொண்டிருந்த இருபது பேரும் வழக்கம்போல ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்யவில்லை. தாழ்வாக, ஈரமாக ஒரு சத்தம் மட்டும் பாத்திகளின் மேல் பரவி வந்தது, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நண்டுக்காலை உறிஞ்சுவதுபோல. மேஸ்திரி பக்தவச்சலம் நிமிர்ந்து சூரியனைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தச் சொல்லை அவள் உண்டாக்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து நோட்டைத் திறந்து, சூரியனுக்கான தாய்ச்சொல்லை எழுதி, முதல் எழுத்தை அடித்து, ழகரத்தை மாற்றினாள். ஒரு பிசகும் இல்லை. பக்தவச்சலம் சொன்ன அதே சொல்.

நோட்டை மூடி வைத்தாள்.

அதற்கடுத்த நாள் சகாயமேரி தண்ணீருக்கு வந்தபோது, அந்தச் சொல்லையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கீதாஞ்சலி கேட்டாள். சகாயமேரி சிரித்தாள். உதட்டோரம் வெள்ளையாய் நுரை கட்டியிருந்தது.

"யாரும் சொல்லித் தரலக்கா. வாய்ல ஊறிடுச்சு."

புறங்கையால் துடைத்துக்கொண்டு ஒரு படி ஏறி வந்தாள்.

"பாதிதான்க்கா இருக்குது. மீதி உங்ககிட்டதான இருக்குது?"

கீதாஞ்சலி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

மத்தியானம் அரசப்பன் சாப்பிட வந்ததும், இன்றைக்கே புதுச்சேரிக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பலாம் என்று கெஞ்சினாள். அவன் பொறுமையாகத்தான் கேட்டான். ஒரு லோடு ஏற்றிவிட்டு மூன்று மணிக்குள் வந்துவிடுவதாகச் சொன்னான். நல்ல தமிழில்தான் சொன்னான். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை நடுவில் எதையோ விழுங்கினான். தட்டில் சோறு அப்படியே இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைத்தபோது, அவன் உதட்டுக்கும் டம்ளருக்கும் நடுவில் ஒரு இழை நீண்டது. அறுபடவில்லை. அவன் கவனிக்கவும் இல்லை.

"பயப்படாத கீதா," என்று அவள் கன்னத்தைத் தொட்டான். விரல் பிசுபிசுத்தது.

பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூன்று மணி ஆனது. நாலு ஆனது. மெயின்ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. தனியாக ஏறிப் போயிருக்கலாம். அவனை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. கூப்பிட்டு வரலாம் என்று உப்பளத்தில் இறங்கினாள்.

பாத்திகளில் ஆள் இல்லை. பலகைகள் போட்டது போட்டபடி கிடந்தன. காற்றும் இல்லை.

கீற்று போட்டு மூடிய உப்புக்குவியலுக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது.

சுற்றிப் போனாள்.

எல்லோரும் வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். தலை அண்ணாந்து, வாய் திறந்து, நாக்கு மடங்கி. சகாயமேரி ஒவ்வொருவர் மேலாகக் குனிந்தாள். அவள் வாயிலிருந்து இழை இறங்கியது. மெதுவாக. கெட்டியாக. ஒரு தொண்டை ஏறி இறங்கியது. அடுத்த வாய். அடுத்தது.

அவள் நிமிர்ந்து கீதாஞ்சலியைப் பார்த்தாள். மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டாள்.

இருபது முகங்களும் திரும்பின. ஒரு வாயும் மூடவில்லை.

வரிசையின் முதலில் அரசப்பன். சட்டை மார்பெல்லாம் ஈரம். பேச முடியவில்லை அவனால். முழங்காலாலேயே உப்பின் மேல் நகர்ந்து அவள் காலடிக்கு வந்து, முகத்தை அண்ணாந்தான்.

அவள் நாக்குக்கு அடியில் வெதுவெதுப்பாக ஏதோ சுரந்தது. விழுங்கினாள். மறுபடி நிறைந்தது. விழுங்கினாள். நிறைந்தது. உதட்டை இறுக்கினாள். தாடையில் வழிந்தது.

அரசப்பன் வாயை இன்னும் அகலமாகத் திறந்தான்.